நான்காம் பக்கத்துக் கையெழுத்து

போன வாரம் நான் விட்ட இடம் பிஸ்கட் டப்பா. மறந்துபோனவர்களுக்கும், இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்கும் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நாலு பேர். நான், என் தம்பி, அவன் மனைவி, அவர்கள் பெற்ற சின்னவர். நான் சுகாதார நிலையத்தில் நர்ஸ். குழந்தைகளுக்கு எடை பார்ப்பதும் தடுப்பூசி போடுவதும் என் வேலை. பத்தொன்பது வருஷமாக அதையே செய்வதால் எனக்குத் 'தராசு' என்று பெயர். என் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள். தம்பி ஒரு சட்டைத் தொழிற்சாலையின் பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவி அதே தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் அவள் வேலைக்குப் போக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. பகலெல்லாம் சின்னவருக்குத் தொழிற்சாலைக் காப்பகத்தில் வாசம்.

அவருடைய பையில் மாற்றுத்துணி தேடிய என் கைக்கு ஒரு குட்டி டப்பா அகப்பட்டது. திறந்து பார்த்தால் பொடித்த பிஸ்கட். பிள்ளைக்கு வயது நூற்றிரண்டு நாள். பல் கிடையாது, கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை, அதற்குள் பிஸ்கட்டாம்.

தம்பி மனைவியைக் கேட்டேன். பால் வற்றிப்போய்விட்டது என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். தம்பி அந்த நேரம் பார்த்து பஸ் சாவியைத் தேட ஆரம்பித்தான். சாவி அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு இருந்தது.

என் வீட்டிலேயே இந்தக் கூத்தா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எடை நாள் வரட்டும், தராசே பேசட்டும் என்று ஏழு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த எடை நாள்தான் இன்றைக்கு.

காலை ஒன்பது மணிக்கே வரிசை வாசல் தாண்டி சைக்கிள் நிறுத்தும் இடம் வரை நின்றது. பாதிப் பேர் தொழிற்சாலைப் பெண்கள்தான். எடை நாளில் மட்டும் அவர்களுக்கு அரை நாள் அனுமதி உண்டு.

இந்த வரிசையில் நான் கேட்காத சாக்கு கிடையாது. நாங்கள் சாப்பிடும்போது வாயையே பார்க்கிறான் மேடம், ஏங்கிப்போவான் இல்லையா என்பாள் ஒருத்தி. பிள்ளை உங்கள் வாயைப் பார்க்கும், மின்விசிறியையும்தான் பார்க்கும், அதையும் பொடித்து ஊட்டுவீர்களா என்று கேட்பேன். ராத்திரி தூங்குவதில்லை, வயிறு கனமாக இருந்தால் தூங்குவான் என்பாள் அடுத்தவள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கொழுகொழு என்று இருக்கிறது, என் பிள்ளை ஒட்டிப்போய் இருக்கிறது என்பாள் இன்னொருத்தி. கடைசிச் சாக்கு எப்போதும் அதேதான்: பால் வற்றிப்போச்சு. வருஷத்துக்கு வருஷம் இந்த 'வற்றிப்போச்சு' கூடிக்கொண்டே போனது. எல்லோரையும் திட்டுவேன். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு வேறு எதுவும் உள்ளே போகக்கூடாது, அந்தக் குடல் அதற்குத் தயாரில்லை என்று தொண்டை வறளக் கத்துவேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பதினேழாவதாகச் சின்னவர் வந்தார். அத்தையைப் பார்த்ததும் வழக்கமாகக் காலை உதைப்பார். இன்றைக்கு உதைக்கவில்லை. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண்ணுக்குக் கீழே லேசாகக் குழி விழுந்திருந்தது. தராசில் படுக்க வைத்தேன்.

போன மாதம் ஐந்து கிலோ தொள்ளாயிரம். இன்றைக்கு ஐந்து கிலோ அறுநூறு.

நூற்றொன்பது நாள் பிள்ளை, ஏற வேண்டிய வயதில், முந்நூறு கிராம் இறங்கியிருக்கிறது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். மேல்சட்டையில் மார்புப் பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஈரம். துப்பட்டாவை இழுத்து மறைக்கப் பார்த்தாள்.

அவ்வளவுதான். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"வத்திப்போன பால்தான் இப்படித் துணியை நனைக்குதா?" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. சைக்கிள் நிறுத்தும் இடம் வரைக்கும் கேட்டிருக்கும். பாலை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பிஸ்கட்டைக் கரைத்து ஊற்றுகிறாய், நீ எல்லாம் ஒரு தாயா என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஏன் கொடுத்தாய், ஏன் கொடுத்தாய் என்று நாலு தடவை கேட்டிருப்பேன். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அவள் கையில் திணித்து, எப்படிக் கலக்க வேண்டும் என்று சொன்னதும்கூட மிரட்டல் மாதிரிதான் இருந்திருக்கும்.

அவள் பிள்ளைக்குச் சட்டையை மாட்டினாள். எடை அட்டையை வாங்கிக்கொண்டாள். வரிசையில் நின்ற தொழிற்சாலைப் பெண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் உறைத்திருக்கிறது என்று அப்போது எனக்கு ஒரு திருப்தி கூட வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வரிசை முடியப் பன்னிரண்டரை ஆனது. கோபம் மட்டும் முடியவில்லை. பெற்றவளைத் திட்டியாயிற்று. பகலெல்லாம் பிள்ளையை மடியில் போட்டு ஊட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாளே, அவளைச் சும்மா விடுவதா? சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். காப்பகம் பின் முற்றத்தைத் தாண்டி, துணிக் கிடங்கை ஒட்டினாற்போல் ஒரு நீள அறை. ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டேன். சுவர் ஓரம் ஆறு பிள்ளைகளைத் தலையணை முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தது. எதிரே முக்காலி போட்டு ஒரு கனத்த பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. இந்த வாய்க்கு ஒன்று, அடுத்த வாய்க்கு ஒன்று. ஆறாவது வாய் எங்கள் சின்னவருடையது. நாக்கால் வெளியே தள்ளினார். அவள் வழித்து மறுபடி உள்ளே தள்ளினாள்.

உள்ளே நுழைந்து நான் போட்ட சத்தத்தில் தூங்கிய பிள்ளைகள்கூட விழித்துக்கொண்டன. வயிற்றுப்போக்கு இருக்கிற பிள்ளைக்கும் அதே கரண்டியா, நீ மனுஷிதானா, உன்னைப் போலீஸில் சொல்கிறேன் என்று ஒரு மூச்சு கத்தினேன். அந்த ஆயாம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"கத்தி முடிச்சாச்சா? இப்ப இதையும் கொஞ்சம் படிங்க," என்றார். அலமாரியில் இருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

உள்ளே இருந்தவை எனக்குப் பழகிய மஞ்சள் அட்டைகள். தொழிற்சாலை வந்த ஆறு வருஷமாக மாதாமாதம் அதன் கிளார்க் ஒரு கட்டு கொண்டு வருவார். நாலு பக்க அட்டை. முதல் பக்கத்தில் படம், இரண்டாவதில் தடுப்பூசி, மூன்றாவதில் எடை. இரண்டையும் மூன்றையும் நான் சரிபார்ப்பேன். நாலாம் பக்கத்தில் கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவேன். வெளியே நூறு பேர் நிற்கும்போது அதற்கு மேல் எனக்கு நேரம் கிடையாது. சின்னவரின் அட்டை வந்தபோது மட்டும் சிரித்துக்கொண்டே முத்திரையை நேராகக் குத்தினேன்.

அதைத் தேடி எடுத்தேன். நாலாம் பக்கத்தைத் திருப்பினேன். அச்சடித்திருந்த இரண்டு வரியை வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்தேன்.

'மேற்படி குழந்தை கரண்டியால் உணவு உண்ணும் நிலையில் உள்ளது. பணி நேரத்தில் பால் கொடுக்கத் தாயை அழைக்க வேண்டிய தேவை இல்லை எனச் சான்றளிக்கிறேன்.'

அதற்குக் கீழே என் கையெழுத்து, வால் சுழித்து, அழகாக.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆயாம்மா சொல்லிக்கொண்டே போனார். இந்த அட்டை இல்லாமல் ஒரு பிள்ளையையும் உள்ளே எடுக்கக் கூடாது. அட்டை இருந்தாலும் அவர் ஒரு தடவை ஊட்டிப் பார்ப்பார். ஆறு கரண்டி இறங்கினால்தான் சேர்க்கை. அதனால் வேலைக்குத் திரும்புவதற்குப் பத்து நாள் முன்பே பெண்கள் வீட்டில் ஊட்டிப் பழக்க ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று மாதப் பிள்ளைக்கு எப்படி இறங்கும்? மூக்கைப் பிடித்தால் இறங்கும். அவர் இதைச் சொன்ன விதத்தில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

தலைக்கு மேலே சுவரில் கண்ணாடி போட்டு ஓர் அறிவிப்பு மாட்டியிருந்தது. தாய்மார்கள் நாளுக்கு இரண்டு முறை வந்து பால் கொடுக்கலாம். அதைக் காட்டி, இது என்ன பொம்மையா என்று கேட்டேன்.

"வரலாம். வந்தவ யாரு? ஒருத்தி எந்திரிச்சா அவளுக்குப் பின்னாடி வேலை தேங்கும். அதை முடிக்க முப்பது பேரு சாயங்காலம் கூட உக்காரணும். அந்த முப்பது பேருக்கும் வீட்ல பிள்ளை இல்லையா? ரெண்டு நாள் வந்தவளை மூணாம் நாள் அவங்களே பேசிப் பேசிக் கொன்னுடுவாங்க."

சாப்பாட்டு நேரத்தில் வரலாமே என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஒருத்தி வந்து மடியில் போட்டால் மற்ற இருபத்திரண்டும் தன் அம்மா எங்கே என்று அழ ஆரம்பித்துவிடும். இருக்கிற இரண்டே ஆயாக்களால் சமாளிக்க முடியாது. ஆகவே மதியம் எந்த அம்மாவும் வாசல் மிதிக்கக் கூடாது என்று அவர் போட்ட சட்டம். மூன்று வருஷமாக நடக்கிறது.

அவரை என்ன சொல்லித் திட்டுவது? தம்பி மனைவியைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் இன்டர்காமை எடுத்து, "காலரை அனுப்பு" என்றார். தொழிற்சாலையில் அவளுக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது. எனக்கு அதுவும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓடி வந்தாள். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. கையில் சுண்ணக்கட்டித் தூள். சின்னவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மூச்சு விட்டாள். அப்புறம் என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

"உனக்கு இது தெரியுமா?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்னுதான் நாங்க நெனச்சுட்டு இருந்தோம் அண்ணி. கையெழுத்தும் போடுவாங்க, எடை நாள்ல நிக்க வெச்சுத் திட்டவும் செய்வாங்க, ரெண்டும் அவங்க டூட்டின்னு பேசிக்குவோம்."

அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஆறு வருஷமாக நான் கத்திய கத்தலுக்கு இந்தப் பெண்கள் மத்தியில் இருந்த மரியாதை இவ்வளவுதான். கூட்டத்தில் வாசிக்கிற வரவேற்புரை மாதிரி, முடியும் வரை தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காலையில் நான் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சல் மாதிரி கேட்டது.

இப்போது அவளுக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள், அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நீங்க எங்க கேட்டீங்க? ஏன் குடுத்தே, ஏன் குடுத்தேன்னு கத்துனீங்க. பதில் வர்ற வரைக்கும் ஒரு நிமிஷம் நின்னீங்களா? சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அப்பவே வந்து கையெழுத்தை அடிச்சிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? நீங்க நல்லவங்களாயிருப்பீங்க, நான் வீட்ல உக்காந்திருப்பேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "பால் வத்தல அண்ணி. பத்து மணிக்குக் கட்டிக்கும். பன்னண்டு மணிக்குக் கையைத் தூக்க முடியாது. சாப்பாட்டு நேரத்துல பாத்ரூம்ல போய்ப் பீய்ச்சி விட்டுட்டு வருவோம். வாஷ்பேசின்ல. வரிசையா நாலு பேரு நிப்போம். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க மாட்டோம். வெளிய யாராச்சும் கேட்டா வத்திப்போச்சுன்னு சொல்லுவோம். வேற என்னத்தைச் சொல்றது?"

அவளுடைய பிள்ளை இந்தப் பக்கம் பிஸ்கட் கரைசலைத் துப்பிக்கொண்டு இளைத்துப்போகிறது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் அதனுடைய பால் சாக்கடையில் ஓடுகிறது. நடுவில் என் முத்திரை. எனக்கு வயிறு எரிந்தது. யார் மேல் எரிவது என்றுதான் தெரியவில்லை. தொழிற்சாலை மேலா, ஆயாம்மா மேலா, வாயைத் திறக்காத தம்பி மேலா? எப்படிச் சுற்றினாலும் கடைசியில் அந்த வால் சுழித்த கையெழுத்தில்தான் வந்து நின்றது.

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். சின்னவரின் அட்டையில் நாலாம் பக்கத்தில் பேனாவை வைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரி பிடி. அசைக்க முடியவில்லை.

"இதை அடிக்கக் கூடாது," என்றாள்.

பிள்ளையின் எடையைப் பார்த்த பிறகுமா என்றேன்.

"இது ஒண்ணை மட்டும் அடிக்கக் கூடாதுன்னு சொல்றேன். என்னுதை மட்டும் அடிச்சா நாளைக்கு நான் மட்டும் வீட்ல. என் சேர்ல வேற ஒருத்தி உக்காருவா. அவளும் பத்து நாள் பழக்கிட்டுதான் வருவா. அடிக்கிறதா இருந்தா இருபத்து மூணையும் அடிங்க. காலர்ல நாலு பேரு, கைப்பட்டைல மூணு பேரு, பட்டன் காஜால ரெண்டே பேரு, ரெண்டும் பிள்ளைக்காரி. இத்தனை பேரை நாளைக்கு உள்ள விடலைன்னா ஒரு லைனும் ஓடாது."

நான் அவளைப் பார்த்தேன். இவ்வளவு கணக்கையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டுதான் காலையில் வரிசையில் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். தவறினால் இவள் வேலை மட்டும் இல்லை, மற்ற இருபத்திரண்டு பேரும் என் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுவார்கள். அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர்களை யார் கேட்பது என்றேன். ஒரு வாரமாகப் பாத்ரூமில் பேசிக்கொண்டிருப்பதே இதைத்தான் என்றாள். கையெழுத்துப் போட்டவரிடம் போய் யார் சொல்வது என்றுதான் முடிவாகவில்லையாம்.

ஆயாம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றார். பெட்டியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். "நான் கிண்ணம் கழுவப் போறேன். பின்னாடி என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு நடந்தார். கிண்ணத்தைக் கழுவ அவருக்குக் கால் மணி நேரம் ஆனது.

அடித்தேன். ஒவ்வோர் அட்டையிலும் நாலாம் பக்கத்தில் என் பெயரின் மேல் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், 'இந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும்' என்று எழுதித் தேதி போட்டேன். இருபத்து மூன்று தடவை எழுதினேன். அதில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டது; அவற்றில் மட்டும் 'தாய்ப்பாலும்' என்று மாற்றி எழுதினேன். கோபத்திலும் பொய் எழுதக் கூடாது இல்லையா.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் சின்னவரைத் தூக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முதலில் அவர் குடிக்கவில்லை. வாயில் ஒட்டிய பிஸ்கட்டோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவரை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். குடிக்க மறந்துவிட்டானா அண்ணி என்று என்னைப் பார்த்தாள். அத்தனை வீராப்பாகப் பேசியவள் அந்த ஒரு நிமிஷத்தில் குழந்தை மாதிரி ஆகிவிட்டாள். ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். சும்மா பிடித்துக்கொண்டு இரு, அவனுக்குத் தெரியும் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

பற்றிக்கொண்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆயாம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. ஒரு பிள்ளை பார்த்தது, அழுதது. அடுத்தது அழுதது. ஐந்து நிமிஷத்தில் இருபத்திரண்டும் ஒரே குரல். மதியச் சாப்பாட்டின் இரண்டாவது பந்திக்கு முற்றத்தில் வரிசை நின்ற பெண்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வாசலில் நின்று உள்ளே பார்த்தார்கள். காலர் தரையில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், தராசு கையில் பேனாவோடு நிற்கிறாள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தன் பிள்ளையைத் தூக்கினாள். அப்புறம் இன்னொருத்தி. அறை நிறைந்துவிட்டது.

அவர்களுக்குப் பின்னால் சூப்பர்வைசர் வந்தார். அவருக்குப் பின்னால் மேனேஜர். மேனேஜர் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். எந்த அதிகாரத்தில் இப்படிச் செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார். எந்த அதிகாரத்தில் கையெழுத்துப் போட்டேனோ அதே அதிகாரத்தில் என்றேன். அவர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். பஸ் டிரைவரைக் கூப்பிடு என்றார்.

தம்பி வந்தான். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மனைவியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான். எல்லாம் தெரிந்தவனுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"அக்கா, அந்தக் கையெழுத்தைத் திரும்பப் போட்டுக் குடுத்துடு," என்றான். "எங்க ரெண்டு பேர் வேலையும் போயிடும். உன் கால்ல வேணாலும் விழறேன்."

மூன்று வாரமாக மகன் இளைப்பதைப் பார்த்துக்கொண்டு சாவி தேடியவன். எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் கீழேயிருந்து அவள் குரல் கேட்டது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல்தான் பேசினாள்.

"கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். இவன் குடிச்சு முடிக்கட்டும்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

சின்னவர் ஒரு பக்கம் முடித்தார். அவள் நிதானமாக அவரை மறு பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.